துளசிக்கு இங்கே ஒரு கட்டில் கிடைக்குமா?

1985ஆம் ஆண்டில் மட்டும், மணமான ஆணின் வாழ்வில் இன்னொரு பெண் வரும் கதையைத் தமிழில் மூன்று பெரிய படங்கள் சொல்லின: பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’, பாலசந்தரின் ‘சிந்து பைரவி’, பாக்யராஜின் ‘சின்ன வீடு’. மூன்றிலும் மனைவிக்கு முன்கூட்டியே ஒரு குறையை எழுதி வைத்திருக்கிறார்கள். பொன்னாத்தாவுக்கு நாக்கு கொடியது. பைரவிக்குச் சங்கீதம் தெரியாது. ‘சின்ன வீடு’ மனைவி பருமன். கணவனின் மனம் வேறு பக்கம் சாய்வதற்கான நியாயம் தொடக்கத்திலேயே தயாராகிவிடுகிறது. அதன்பிறகு நாம் அவனுடைய தவிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சுங்குவார்சத்திரம் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் நான் வார்டனாக இருக்கிறேன். அதற்கு முன் செல்போன் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தேனி என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் வார விடுமுறையில் பழைய படங்கள் போட்டுப் பார்ப்பார்கள். ‘சிந்து பைரவி’ முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “குழந்தையையும் குடுத்துட்டு அந்தப் பொண்ணு எங்கக்கா போவா? எங்க தங்குவா?” அவள் கேட்டது படத்தில் வரும் அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி; சுஹாசினிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாத்திரம் அது. படம் அவளைத் தியாகியாக்கி வழியனுப்பியது. அன்று இரவு அவள் எங்கே படுத்தாள் என்று கேட்க, வாடகை கொடுத்துப் படுக்கும் ஒரு பெண் தேவைப்பட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன படம் எனக்குத் தெரிந்து பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’ (1993). மகேஷ் பட்டின் ‘அர்த்’ என்ற 1982ஆம் ஆண்டு இந்திப் படத்தின் தமிழ் வடிவம். சினிமா இயக்குநரான கணவன் ஒரு நடிகையிடம் போய்விடுகிறான். மனைவி துளசியாக ரேவதி. அவள் பெண்கள் விடுதியில் தங்கி, வேலை தேடிக்கொள்கிறாள். கணவன் திரும்பி வந்து நிற்கும்போது வேண்டாம் என்கிறாள். தன்னை நேசிக்கும் நல்லவனுக்கும், அவன் அரவிந்த்சாமியாகவே இருந்தும், அதே பதில்தான். அந்த ‘வேண்டாம்’ அவள் வாயில் உறுதியாக வருவதற்குக் காரணம் அவளுக்கென்று ஒரு கட்டிலும் ஒரு சம்பளமும் இருந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீளும் எங்கள் தொழிற்சாலைப் பகுதியில், இன்னொரு பெண் வரும் அந்தக் கதை தினமும் நடக்கிறது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் ஆண்கள் இங்கே ஏராளம். பெரும்பாலானவர்கள் உழைத்த பணத்தை ஒழுங்காக வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். சிலர் மட்டும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் கல்யாணம் ஆகாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். “வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, கோயில்ல வச்சு கட்டிக்கலாம்” என்கிறார்கள். முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது கட்டும் அந்தத் தாலி 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. பிறக்கும் குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவளுக்கு மனைவி என்ற இடம் கிடையாது. திருமணம் செய்வதாகப் பொய் சொல்லி உறவு கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதை ஒவ்வொரு விடுதியிலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும். உண்மை வெளிப்பட்டால் அவன் வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொள்கிறான், அவளோ கெட்ட பெயரோடு பெட்டியைக் கட்டுகிறாள்.

ஊரில் இருக்கும் மனைவியின் கதி இதைவிட மோசம். இடுப்பில் குழந்தையோடு எங்கள் கேட்டில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யத் தயார், வாடகை கொடுக்கத் தயார். ஆனால் விடுதி விதி குழந்தையை அனுமதிக்காது. ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் முதலில் கேட்டதே கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான். இங்குள்ள ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்ப்பதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது; மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி எதுவானாலும், கல்யாணம் ஆனதை ஒரு ஆண் மறைத்தால் காதலி கிடைக்கிறாள். ஒரு பெண் மறைக்காவிட்டால் வேலை கிடைப்பதில்லை என்ற நிலை இருக்கவே கூடாது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். பெண் தொழிலாளர்களுக்கு இவ்வளவு பெரிதாக ஒன்றைக் கட்டியது பாராட்டத்தக்கது. அதே அக்கறையோடு, கணவனைப் பிரிந்த பெண்ணும் அவள் குழந்தையும் தங்க ஒரு தளத்தை, ஒரு கட்டடத்தை இந்தப் பகுதியில் அரசு கட்ட வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது. அந்தக் காப்பகம் இரவு ஷிஃப்டுக்கும் திறந்திருக்க வேண்டும்.

இயக்குநர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அவன் யாரைத் தேர்ந்தெடுப்பான் என்று இரண்டரை மணி நேரம் காத்திருக்க வைத்தது போதும். அந்த இரண்டு பெண்களின் சம்பளச் சீட்டையும் முகவரியையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். படுக்க ஓர் இடம், குழந்தையை விட ஒரு காப்பகம், மாதம் பிறந்தால் சம்பளம்: இந்த மூன்றும் கையில் இருந்தால், இருப்பதா போவதா என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.