ட்ரிப் போகும் பிள்ளைகளின் சாப்பாட்டை யார் தீர்மானிப்பது?



தவணை விடுமுறை நெருங்குகிறது. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கமிருந்து பஸ்கள் மறுபடியும் கொழும்புக்குக் கிளம்பப் போகின்றன. தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், அப்படியே கொஸ்கம பக்கம் லெஷர் வேர்ல்ட். பிள்ளைகள் ஒரு மாதமாக வகுப்பில் கதைப்பது அந்தக் கடைசி இடத்தைப் பற்றித்தான். பஸ் ஹயர், டிக்கெட், கூடப் போகும் டீச்சர்மார், தொழுவதற்கு இடம் என்று பெற்றோர் கூட்டத்தில் எல்லாம் விலாவாரியாகப் பேசப்படுகிறது. சாப்பாடு மட்டும் "அங்க வாங்கிக்கலாம்" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் சோடா விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சட்டம் இருக்கிறது. அதே பிள்ளை, அதே டீச்சர்மாரோடு பஸ்ஸில் ஏறியதும் அந்தச் சட்டம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெரியாத ஊரில் ரோல்ஸ் ஹலாலா, கோழி ஹலாலா என்று நாம் பார்ப்போம். பார்க்கத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் வேண்டாம் என்போம். அந்த இடத்தில் வயிற்றுக்குள் போவது என்ன? சிப்ஸ், கிரீம் பிஸ்கட், ஐஸ்கிரீம், மேலே ஒரு சோடா. ஹராமைத் தவிர்த்த நிம்மதியில் நாள் முழுக்கச் சீனியைக் கொடுத்துவிடுகிறோம்.

2016 ஆகஸ்டிலிருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, நடுவில் செம்மஞ்சள். செம்மஞ்சளைக் கண்டதும் பலர் பயமில்லை என்று வாங்குகிறார்கள். 10 கிராம் இருந்தாலும் அது செம்மஞ்சள்தான். 400 மில்லிலீட்டர் போத்தலில் அது 40 கிராம்; சுமார் 10 தேக்கரண்டி சீனி. பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு போத்தலிலேயே அது தாண்டிவிடுகிறது. பிறகு சுற்றுகிற ராட்டினம். எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நேரமெடுக்கும். அதோடு சுற்றினால் வாந்தி வராமல் என்ன செய்யும்? வெறும் வயிறும் அதே வேலையைத்தான் செய்யும்.

"அப்ப வீட்டிலிருந்து சோத்துப் பார்சல் கட்டி அனுப்புவோம்" என்று உம்மாமார் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். இரவு 9 மணிக்குத் தேங்காய்ப்பால் விட்ட கறியோடு கட்டிய சோறு, மூடிய பஸ்ஸில் இரவு முழுக்கக் கிடந்து, மறுநாள் லுஹருக்குப் பிறகு திறக்கப்படுகிறது. சமைத்த சாப்பாட்டை வெளியில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பதுதான் பொது விதி. 40 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால் யார் யாரைப் பார்ப்பது?

வீட்டிலிருந்து வருவது கெடாத சாமானாக இருக்கட்டும்: கச்சான், பேரீச்சம்பழம், வாழைப்பழம், தோடம்பழம், பாணும் சீனிச்சம்பலும். (சீனிச்சம்பலிலும் சீனிதானே என்று கேட்கப் போகிறீர்கள். பாணுக்குத் தொட்டுக்கொள்கிற அளவு போதும்.) ஆளுக்கொரு பெரிய தண்ணீர்ப் போத்தல். நீர்த் தடாகத்தில் கிடக்கும் பிள்ளைக்குத் தாகம் தெரியாது, ஆனால் வெயில் உடம்பு நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே கூப்பிட்டுக் குடிக்கவைக்க வேண்டும். பகல் சாப்பாட்டை, போகும் வழியில் தெரிந்த முஸ்லிம் கடையொன்றுக்கு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடலாம். சுடச்சுடச் சோறு, மீன், பருப்பு, இரண்டு மரக்கறி. பிரைட் ரைஸ் கேட்டு அழுவார்கள், அழட்டும். சாப்பிட்டுக் கொஞ்சம் இருந்து தொழுதுவிட்டுப் போனால் ராட்டினத்துக்கும் வயிறு தயாராகிவிடும். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் வேறு. முதலே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்களுக்குப் பெரிய கவலை காசு. ஒரு பிள்ளை 5000 ரூபா கொண்டுவருகிறது, இன்னொன்று 300 ரூபாவோடு வருகிறது. வாப்பா கடலுக்குப் போகாத மாதம் அந்த 300ம் கடன்தான். 5000 ரூபாப் பிள்ளை மூன்றாவது ஐஸ்கிரீமைப் பாதியில் போட்டுவிட்டுப் போகும். மற்றது கடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும், கேட்டால் "பசிக்கல்ல டீச்சர்" என்று சொல்லும். சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் அந்தப் பிள்ளை அப்படிச் சொல்ல வேண்டி வராது. ட்ரிப் காசோடு சாப்பாட்டுக் காசையும் சேர்த்து வாங்குவோம். முடியாத வீட்டுக்கானதைப் பள்ளிவாசல் நிர்வாகமோ பழைய மாணவர்களோ பெயர் வெளியில் வராமல் கட்டிவிடலாம். கைக்காசுக்கு ஒரே உச்ச அளவு வைப்போம். ஐஸ்கிரீம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஆளுக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பஸ் ஹயருக்கு முன்னால் இதை எடுப்போம். சமையல் தெரிந்த உம்மாமார் இரண்டு பேர் பெயர் தந்தால் சாமான் பட்டியலை அன்றைக்கே எழுதிவிடலாம்.