அந்த ட்யூபைக் கழட்டாதீங்க சார்!

பழைய கார் வச்சிருக்கிறவங்க காதுல அடிக்கடி விழுற ஒரு அருள்வாக்கு: "சார், இந்த ட்யூபைக் கழட்டித் தொங்க விட்ருங்க, எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடும்." எங்க சடையங்குப்பம், மணலி, திருவொற்றியூர் பக்கம் கார்பரேட்டர் மாருதி 800 ஓட்டுற நிறைய பேர் இதைக் கேட்டிருப்பாங்க. கேட்டு, செஞ்சும் இருப்பாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை. (மெக்கானிக்கல் படிச்ச மக்கள் அடுத்த ரெண்டு பாராவைத் தாண்டிடலாம் :-))

பிஸ்டன் ரிங் எவ்வளவு டைட்டா இருந்தாலும், எரிஞ்ச வாயுவும் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கீழே கிராங்க்கேஸுக்குள்ள நழுவத்தான் செய்யும். கூடவே நீராவி. இதெல்லாம் வெளியே போகணுமே? அந்தக் காலத்துல ஒரு குழாயை ரோட்டைப் பார்த்து விட்டுட்டாங்க, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்ல தண்ணியில இறங்குற டாங்கிகளுக்கு இது ஒத்து வரலை. குழாய் வழியா எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறிடும். அதனால மூடின காற்றோட்ட முறை வந்தது. அப்புறம் புகைமூட்டத்துல தவிச்ச கலிஃபோர்னியா 1961-ல இதைக் கார்களுக்குக் கட்டாயமாக்கிச்சு. ஏன்னா, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத கார் வெளியே விடுற ஹைட்ரோகார்பன்ல ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைலன்சர்லேர்ந்து வர்றதில்லை, இந்தக் குழாய்லேர்ந்துதான் வருது.

பி.சி.வி. வால்வுங்கிறது விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஸ்பிரிங் சமாச்சாரம். ஐடிலிங்ல இன்டேக் வேக்குவம் அதிகம், அதனால வால்வு வழியைக் குறுக்கிக்கும். லோடு ஏறினா அகலமாத் திறந்து, அந்த வாயுவைத் திரும்ப எரியறதுக்கு அனுப்பும். இது அழுக்குல மூடி மாட்டிக்கிச்சுன்னா உள்ளே பிரஷர் ஏறி சீல், கேஸ்கெட் வழியா ஆயில் கசியும். உடனே "ரியர் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்"னு பெரிய பில். முதல்ல இந்த வால்வைப் பார்த்துட்டு அப்புறம் கியர்பாக்ஸைத் தொடுங்கப்பா! (புல்லட்டுக்கும் மூச்சுக் குழாய் உண்டு. 1955-லேர்ந்து திருவொற்றியூர்ல பொறந்த வண்டிங்கிறதால, அது ஆயில் சிந்துனாக்கூட எங்க ஊர்ல பெருமையாத்தான் சொல்லிக்குவாங்க.)

கடுப்பாகிற விஷயம், பி.யூ.சி. டெஸ்ட். குச்சியைச் சைலன்சர்ல விடுறாங்க, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவு வருது, சர்டிபிகேட் கையில. பானெட்டுக்குள்ள தொங்குற ட்யூபை அந்த மெஷின் எப்படிப் பார்க்கும்? ஏற்கனவே ஆலைப் புகையையும் டிரெய்லர் லாரி கிளப்புற தூசியையும் சுவாசிக்கிற ஏரியா இது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர், மணலிப் பக்கம் எண்ணெயே மிதந்துச்சு. இதுல நம்ம பங்குக்கு நாமும் ஊதணுமா? 2022 ஏப்ரல்ல 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 600-லேர்ந்து 5,000 ரூபாய் ஆக்கினப்ப, பழைய வண்டிக்காரங்க எல்லாரும் கத்தினோம். கத்துறதுக்கு அருகதை வேணும்ல?

ட்யூபைக் கழட்டுறது எஞ்சினுக்கும் நல்லதில்லை. ஃபில்டர் ஆன காத்து உள்ளே சுத்தாது. லாரி க்யூவுல ஊர்ந்து, ரெண்டு கிலோமீட்டர்ல ஆஃப் பண்ற வண்டியில ஆயில் சரியாச் சூடாகவே ஆகாது. ஈரம் உள்ளேயே தங்கி, ஆயில் மூடிக்குக் கீழே பால் ஏடு மாதிரி படியும்.

ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் அஞ்சு நிமிஷம் போதும். ஐடிலிங்ல வால்வைக் கழட்டி விரலை வச்சா இழுக்கணும். ஆஃப் பண்ணிட்டு ஆட்டினா கடகடன்னு சத்தம் வரணும். வரலைன்னா கார்பரேட்டர் கிளீனர் அடிங்க, அப்பவும் அசையலைன்னா புதுசு போடுங்க. ஹோஸ் விறைச்சிருந்தா மாத்துங்க. ஆயில் தாங்குற ஹோஸ் கேட்டு வாங்கணும், மீன்தொட்டி ட்யூபெல்லாம் வேணாம் (பார்த்திருக்கேன்!).

மெக்கானிக் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ரிங் தேஞ்ச வண்டியில அந்த ட்யூப் வழியா ஆயில் ஏர் ஃபில்டருக்கே வந்துடும், அதனாலதான் கழட்டச் சொல்றார். ஆனா அங்கே வியாதி ரிங்ல. காம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, ட்யூபை மாட்டியே வைங்க.