பேய்க்கதைப் பெட்டியைத் தெருவில் வைக்காதேங்கோ

எங்கட தெருப் பக்கம் கவுன்சில் கிளீன்-அப் வருகிறதென்றால் முதல் நாள் பின்னேரம் நான் ஒரு சுற்று நடந்து வராமல் விடுவதில்லை. மனைவிக்கு அது பெரிய வெட்கம். போன முறை ரூங்காபியில் ஒரு வீட்டு வாசலில் வாழைப்பழப் பெட்டி ஒன்று கிடந்தது. மேலே பழைய கரண்ட் பில்கள். கீழே கிளறிப் பார்த்தால் ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ், அட்டை போன திகில் இரண்டு மூன்று. அந்த வீட்டு ஐயா மதுரைப் பக்கத்தவர், காலமாகி ஒரு வருடம். வீட்டை விற்பதற்காக வந்திருந்த மகன், "அதெல்லாம் அப்பாவோட பழைய புக்ஸ் அங்கிள். வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டியின் அடியில் ஆங்கிலப் புத்தகமும் கொஞ்சம் இருந்தது. எல்லாம் ஃபாண்டம், எல்லாம் சிட்னியில் அச்சானவை. லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936இல் உருவாக்கிய அந்த முகமூடிக்காரனை, 1948 முதல் ஃப்ரூ என்ற சிட்னி நிறுவனம் விடாமல் வெளியிட்டு வருகிறது. அவனுடைய சொந்த நாட்டில்கூட புத்தக வடிவில் அவனுக்கு இந்த ஆயுள் இல்லை. அதே ஆள்தான் ராணி காமிக்ஸில் 'மாயாவி', முத்து காமிக்ஸில் 'வேதாளர்'. மண்டையோட்டு மோதிரம், மண்டையோட்டுக் குகை என்று பார்வைக்குப் பேய்க்கதை. உள்ளுக்குள் டயானாவுடனான நீண்ட காதல் கதை. 41 வருடம் காக்கவைத்து 1977இல்தான் கல்யாணம் நடந்தது! எங்கட ஆக்களின் சாதகப் பொருத்தமே இவ்வளவு இழுபடாது.

அந்த ஐயா மதுரையில் தமிழில் படித்தவனை இங்கே வந்து ஆங்கிலத்தில் தேடிப் பிடித்திருக்கிறார். மகனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்களும் எங்கட பிள்ளைகளுக்கு இப்படியானவற்றைச் சொன்னதில்லைதானே. திருக்குறள் சொன்னோம், ஆத்திசூடி சொன்னோம். போர்வைக்குள் டோர்ச் அடித்துப் பேய்க்கதை வாசித்ததைச் சொல்லவில்லை.

இந்தப் புத்தகங்களைக் கண்டு பெரியவர்கள் பயப்படுவது புதிதல்ல, எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1954இல் அமெரிக்காவில் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று புத்தகம் எழுதினார். செனட் விசாரணை நடந்தது. அதே வருடம் பதிப்பாளர்களே தங்களுக்குக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதிக்கொள்ள, திகில் கதைகள் கடையிலிருந்து காணாமல் போயின. அடுத்த வருடம் பிரித்தானியா சட்டமே போட்டது. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து முந்திக்கொண்டது. 1954இல் ஆட்சேபத்துக்குரிய இலக்கியச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று பார்க்க ஒரு சபையையும் அமைத்தது.

அந்தச் சபையிடம் திகில் கதைகள் மட்டும் மாட்டவில்லை, காதல் படக்கதைகளும் மாட்டின. பதிப்பாளர்கள் விடவில்லை. குயின்ஸ்லாந்து நீதிமன்றத்தில் தோற்று, நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 1956இல் தலைமை நீதியரசர் ஓவன் டிக்சன் அமர்ந்த நீதிமன்றம் அந்தப் படக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. இவற்றில் இலக்கியத் தரம் ஒன்றும் இல்லை, ஆனால் காதலித்தவர்கள் கல்யாணம் கட்டுகிறார்கள், நல்லது வெல்கிறது, இதில் இளம் பிள்ளைகளைக் கெடுக்க என்ன இருக்கிறது என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். தடை நீங்கியது. கம்பீரமான நீதியரசர்கள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அழுகிற பெண்ணும் முத்தமிடும் மாப்பிள்ளையும் வரும் கதைகளைக் கட்டம் கட்டமாக வாசிப்பதை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். ஆனால் ஒன்று, அவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள்.

நாங்கள் வாசித்துப் பார்ப்பதில்லை. இரண்டு புத்தகத்தை மகளின் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "அண்ணை, இது பேய்க்கதை. தாய்தகப்பன்மார் என்ன சொல்லுவினம்?" என்று ஆசிரியை தயங்கினா. அவவில் குற்றமில்லை, ஊதியமில்லாமல் சனிக்கிழமையைத் தருகிறவ. ஆனால் யோசித்துப் பாருங்கோ. அம்புலிமாமாவில் மாதாமாதம் என்ன வந்தது? நள்ளிரவுச் சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் தூக்கிப் போகும் அரசன், பிணத்துக்குள்ளிருந்து கதை சொல்லும் வேதாளம். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவரும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்படவில்லை. விக்கிரமாதித்தன் தூக்கினால் பண்பாடு, முத்து காமிக்ஸில் வந்தால் குப்பையோ?

குறை இல்லையென்று சொல்ல வரவில்லை. ஃபாண்டம் கதையில் ஆபிரிக்க மக்கள் ஒரு வெள்ளைக்காரன் வந்து காப்பாற்றும்வரை காத்திருப்பவர்கள். பல கதைகளில் பெண்ணுக்கு அலறுவதைத் தவிர வேலையில்லை. என் மகளுக்கு 13 வயது, முதல் நாளே கேட்டுவிட்டாள்: "அப்பா, ஏன் இவ சும்மா கத்திக்கொண்டே நிக்கிறா?" அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டாள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வரும். ஆனால் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டாள். வீட்டில் கேட்பது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். நடுவில் பாலம் இல்லை. படக்கதையில் படம் பாதியைச் சொல்லிவிடுகிறது, மீதி இரண்டு வரிதான். கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று தெரியவேண்டுமென்றால் அந்த இரண்டு வரியை வாசித்தே ஆகவேண்டும். முதல் புத்தகத்துக்கு நாலு நாள் எடுத்தாள். மூன்றாவதை ஒரு பின்னேரத்தில் முடித்தாள். 'சடுதியில்' என்றால் என்ன, 'கல்லறை' என்றால் என்ன என்று கேட்டாள். எந்த ஒப்படைக்காகவும் அவள் என்னிடம் சொல்லுக்குப் பொருள் கேட்டதில்லை.

இந்த நாட்டின் 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். பேசுகிற அத்தனை பேரும் ஆசைப்பட்டு வாசிக்கிறவர்கள் அல்ல. மெல்பேணிலும் சிட்னியிலும் எச்எஸ்சி, விசிஇ பரீட்சைக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. பரீட்சை முடிந்த பிறகு ஒரு தமிழ்ப் புத்தகம் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கட வீட்டிலேயே கேட்டுப் பாருங்கோ.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொலரைச் சேமிக்கவென்று அமெரிக்கப் படக்கதை இறக்குமதியை அவுஸ்திரேலியா நிறுத்தியது. அந்த இடைவெளியில்தான் சிட்னியில் உள்ளூர்க் கலைஞர்கள் வரையத் தொடங்கினார்கள். எழுபதுகளில் இலங்கையில் இந்திய சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரிப் பிரசுரங்கள் வந்த கதையும் இதுதான். அவுஸ்திரேலியக்காரர் அந்தப் பழைய படக்கதைகளைக் குப்பை என்று விட்டுவிடவில்லை. ஜோன் ரையன் என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த தொகுப்பு இன்று கன்பராவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எங்கட பக்கத்தில், யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை வருடாவருடம் நினைவுகூருகிறோம். அப்பா சேர்த்ததை மட்டும் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று வாசலில் வைக்கிறோம்.

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. கராஜில் இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கோ. ஈழத்தில் அச்சானது ஏதும் அகப்பட்டால் நூலகம் இணையத்தளத்துக்கு எழுதிக் கேளுங்கோ. சிவகாசியில் லயன்-முத்து காமிக்ஸ் இன்னும் வருகிறது. உங்கள் கவுன்சில் நூலகத்தில் புத்தகம் வாங்கச் சொல்லும் படிவம் இருக்கும், ஐந்து நிமிட வேலை. நூலகர்கள் எங்களைக் குறை நினைக்கமாட்டார்கள், அவர்களுக்கு வேண்டியது கேட்கிற ஆள்தான்.

ஆசிரியையிடம் மறுபடி பேசினேன். பாடம் முடிந்து கடைசிப் பதினைந்து நிமிடம், வகுப்பின் மூலையில் பெட்டியை வைக்கலாம், விரும்பினவர்கள் எடுக்கலாம், ஆனால் முதலில் தான் வாசித்துப் பார்க்கவேண்டும் என்றா. நியாயம்தான். ஆறு புத்தகம் கொண்டுபோனா. அடுத்த கிழமை கேட்டபோது, "இன்னும் ரெண்டு இருக்கு அண்ணை, முடிச்சிட்டுத் தாறன்" என்றா. அதில் ஒரு திகில் புத்தகத்துக்குக் கடைசி நாலு பக்கம் இல்லை. கிணற்றடியில் கேட்ட சத்தம் யாருடையது என்று அவவும் கேட்கிறா, மகளும் கேட்கிறாள். உங்கள் வீட்டில் கட்டி வைத்த பழைய திகில் இருந்தால் ஒருக்கா எழுதுங்கோ, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.