அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோடு, வாளையாறு பகுதிகளில் தொழிற்சாலைகளைச் சுற்றி வாடகை அறைகள் பெருகியுள்ளன. தமிழகத்திலிருந்து வந்தவரும், இடுக்கித் தோட்டங்களில் பிறந்து மலையிறங்கியவரும், வடமாநிலத் தொழிலாளரும் அவற்றில் வாழ்கின்றனர். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் அறை மாறுகிறது. அடுத்த வீட்டாரின் பெயரறியாமலேயே ஆண்டு கழிகிறது.

இதை இளைஞரின் ஒட்டாத சுபாவம் என்று பழிப்பது எளிது. உண்மை வேறு. நிலையற்ற ஒப்பந்த வேலை நிலையற்ற குடியிருப்பைத் தருகிறது. நிலையற்ற குடியிருப்பில் உறவு வேர்விடுவதில்லை. இவ்வாறு சிதறிக் கிடப்போரிடம் வாடகையை உயர்த்துவதும், முன்பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் எளிதாகின்றன.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் லயங்களை நாம் போற்றவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற அந்த ஏற்பாடு அடிமைத்தனத்தின் எச்சம். எனினும், ஒரே சுவரைப் பகிர்ந்தோர் பசியையும் பிரசவத்தையும் சாவையும் பகிர்ந்துகொண்டனர். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களை விழுங்கியபோது, தொலைத்தொடர்பு அற்ற அவ்விடத்திலிருந்து செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலை ஆயிற்று. அதுவரை துணையென்று இருந்தவர்கள் அக்கம்பக்கத்தாரே.

அயலுறவு அற்றுப்போனால் நேர்வதற்கும் சான்று உண்டு. 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் ஆதிவாசி இளைஞர் ஒருவர், உணவுப் பொருள் திருடினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். சொந்த மண்ணிலேயே அவர் அந்நியராக்கப்பட்டார். அப்படியிருக்க, நேற்று குடிவந்தவரின் நிலை என்ன?

கேரளத்தில் இதற்கான வாயில்கள் திறந்தே உள்ளன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் அயல்கூட்டங்களுக்கு ஊக்கமளித்தது. 1998இல் பிறந்த குடும்பஸ்ரீ அவற்றையே அடித்தளமாகக் கொண்டது. 18 முதல் 40 வயதுப் பெண்களுக்கெனத் துணைக்குழுக்கள் 2021 முதல் அமைக்கப்பட்டுள்ளன. ஊர்தோறும் நூலகங்கள் உள்ளன. வீடுவீடாகக் குப்பை பிரித்தெடுக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்குத் தெரியாத வீடில்லை. அவர்களிடம் நின்று பேசினாலே தெருவின் பாதி அறிமுகமாகிவிடும்.

குடிவந்த முதல் வாரத்திலேயே இருபுறமும் சென்று பெயர் சொல்லுங்கள். மலையாளம் பழகுங்கள். வாடகை வீட்டில் வாழ்வோரும் வழக்கமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதியலாம். அந்த உரிமையைக் கைவிடாதீர்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு விண்ணப்பிக்க 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்துள்ளது. அதை அறிந்தவர், அறியாத பக்கத்து அறையினருக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். உறவு அவ்வாறுதான் தொடங்கும்.

முதலடி புதியவருடையது மட்டுமன்று. சொந்த வீட்டில் வாழ்வோர், ‘வாடகைக்காரப் பிள்ளைகள்’ என்ற ஐயப்பார்வையைக் கைவிட வேண்டும். சாதியும் மதமும் கேட்டு வீடு மறுக்கும் இழிவை எதிர்த்து அவர்கள் குரல் எழுப்ப வேண்டும். தொழிற்சங்கங்கள் ஆலைவாயிலோடு நின்றுவிடாமல் தொழிலாளர் உறங்கும் தெருக்களுக்கும் செல்ல வேண்டும்.

காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுக்கும் கையும், நியாயமற்ற வெளியேற்றத்தைத் தடுக்க வாசலில் நிற்கும் காலும் அடுத்த வீட்டிலிருந்தே வர இயலும். அவர் பெயரை இன்றே கேட்டறியுங்கள்.