அறியோம் என்னும் சொல்

2014 மார்ச் 8. நள்ளிரவு கடந்து 12.42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கி எழுந்தது மலேசியாவின் எம்.எச். 370 வானூர்தி. பயணிகள் 227 பேர், பணியாளர் 12 பேர். பயணிகளுள் பெரும்பாலோர் சீனர், ஐவர் இந்தியர். 1.19 மணிக்கு விமானியறையிலிருந்து இரவு வணக்கம் வந்தது. அடுத்த இரண்டு மணித்துளியில் கட்டுப்பாட்டு நிலையத் திரையிலிருந்து அதன் குறி மறைந்தது. வானூர்தியைக் கடல் கொண்டது. காரணத்தையோ ஊரார் நா கொண்டது.

கடத்தல் என்றார் சிலர். வான்படை சுட்டு வீழ்த்தியது என்றார் சிலர். ஆளரவமற்ற தீவில் மறைத்து வைத்துள்ளனர் என்றும் சொன்னார்கள். கருந்துளை விழுங்கியிருக்குமோ என்னும் வினா அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் கற்றறிந்தோர் முன்னிலையில் எழுப்பப்பட்டது. கோலாலம்பூர் வானூர்தி நிலையத்திலோ மந்திரவாதி ஒருவர் இளநீர்க் காய்களையும் மூங்கில் தொலைநோக்கியையும் கொண்டு தேடினார். அவரைக் கண்டு உலகம் நகைத்தது. அரங்கில் அமர்ந்து ஆரூடம் உரைத்த வல்லுநர் பலரின் கையில் அந்த மூங்கிலளவு சான்றுகூட இல்லை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊகம் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். விமானியறையின் இறுதிச் சொற்கள் 'சரி, இரவு வணக்கம்' என்பதாக முதலில் அறிவிக்கப்பட்டது. அலுவல் முறைக்கு ஒவ்வாத அந்தத் தளர்ந்த தொனியில் துயரைக் கண்டார் ஒருவர். சூழ்ச்சியைக் கண்டார் மற்றொருவர். மார்ச் 31 அன்று மலேசிய அரசு அதனைத் திருத்திற்று. உண்மையில் ஒலித்தவை, வானூர்தியின் அழைப்பெண்ணோடு முடியும் வழக்கமான விடைபெறு சொற்களே. சொல்லப்படாத சொற்களுக்கு உலகம் அதுவரை உரை எழுதிக்கொண்டிருந்தது!

மற்றொன்றும் உண்டு. களவுபோன கடவுச்சீட்டில் பயணித்த ஈரானிய இளைஞர் இருவரை முதல் நாள்களிலேயே பயங்கரவாதிகளாக்கினர். அடைக்கலம் நாடி ஐரோப்பா செல்ல முயன்றவர்களே அவர்கள் என்பது விசாரணையில் புலப்பட்டது. அவர்களுள் ஒருவனை எதிர்நோக்கிப் பிராங்க்ஃபர்ட் நகரில் அவன் தாய் காத்திருந்தாள். மகனை இழந்த அந்நாள்களிலேயே அவன்மீது சுமத்தப்பட்ட பழியையும் அவள் கேட்க நேர்ந்தது.

பழி முழுவதும் மக்கள்மீதன்று. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது மெய். ஆயினும் அந்த வாய்க்குத் தீனியிட்டது அரசின் தயக்கமே. வானூர்தி மேற்கே திரும்பித் தீபகற்பத்தைக் கடந்து சென்றதை மலேசியப் படைத்துறையின் ராடார் பதிவு செய்திருந்தது. அத்தடம் எம்.எச். 370 உடையதே எனப் பிரதமர் நஜிப் ரசாக் உரைத்தது மார்ச் 15 அன்றுதான். ஒரு வார காலம் தென்சீனக் கடலிலும் கப்பல்கள் அலைந்தன. உரியவர் உரைக்க வேண்டியதை உரிய நேரத்தில் உரையாதபோது, உரிமையற்றோர் உரைப்பதே செய்தியாகிவிடுகிறது.

அறிவு பேசிய விதமோ வேறு. ஏறத்தாழ மணிக்கொரு முறை இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியே 'இருக்கிறாயா' என்று கேட்கப்பட, 'இருக்கிறேன்' என்று வானூர்திக் கருவி விடையிறுத்து வந்தது. காலை 8.19 மணிக்குப் பின் விடை இல்லை. அச்சிறு குறிகளின் காலத் தாழ்வையும் அலைவெண் மாற்றத்தையும் கணித்தே அதன் பயணம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் முடிந்தது எனக் கண்டனர். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் கரையில் கொட்டலசு அப்பிய இறக்கைத் துண்டு ஒன்று ஒதுங்கியது. அதன் உட்பகுதி எண்களை ஒப்பிட்ட பின்னரே பிரெஞ்சு விசாரணையாளர் அது எம்.எச். 370 உடையதென உறுதி செய்தனர். 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவிய தேடல் 2017 ஜனவரியில் நின்றது. தனியார் நிறுவனம் ஒன்று மறு ஆண்டு மேற்கொண்ட தேடலும் பயன் தரவில்லை.

2018 ஜூலையில் வெளிவந்த இறுதி அறிக்கை, காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை என்றது. பாதை மாறியது கையால் இயக்கியதாலேயே எனக் கருதிய அக்குழு, மூன்றாமவர் தலையீட்டையும் விலக்க இயலாதென்றது. ஆனால் எவர் பெயரையும் குற்றவாளியாக எழுதவில்லை. இதனைக் கையாலாகாமை என்று இகழ்ந்தோர் உண்டு. நாம் அதனை நேர்மை என்போம். ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. தலைமை விமானியை ஐயுறுவோர்க்கும் இது பொருந்தும்: மறுத்துரைக்க வாயற்றவர்மீது தீர்ப்பெழுத, சான்று இரட்டிப்பாக வேண்டும்.

காலம் உண்மையைத் தரவல்லது. 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் அட்லாண்டிக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447 வானூர்தியின் பதிவுக் கருவிகள் 2011 மே மாதத்தில் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழத்திலிருந்து மீட்கப்பட்டன. வேகமானியின் குழாய்களைப் பனித்துகள் அடைத்ததும், அதன்பின் விமானிகள் இயக்கிய முறையும் அவற்றால்தான் தெளிவாயின.

ஆகவே அரசுகளிடம் நாம் வேண்டுவது, தேடலைக் கைவிடாமையும் அறிந்ததை மறையாமையுமே. எம்.எச். 370 இன் பறப்புப் பதிவுக் கருவியோடு இணைந்த ஒலிக்குறி கருவியின் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. பழிக்கு ஆள் தேடிய ஆரவாரத்தில் இத்தகைய குறைகளுக்குச் செவிமடுத்தோர் சிலரே. ஊடகங்களிடம் வேண்டுவது, ஊகத்தை ஊகம் என்றே எழுதுக. வாசகரிடம் வேண்டுவது, அடுத்த முறை ஒரு வானூர்தி மறையும்போது, காரணம் இதுதான் என்று வரும் முதல் செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன், அதில் இருந்தவரின் தாயும் அதைப் படிப்பாள் என நினைக. பதிவுக் கருவி கிட்டும்வரை நாம் கூறத்தக்க விடை, அறியோம் என்பது ஒன்றே.