கடவுச்சீட்டு எடுப்பதா, விடுவதா?



பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி அறையொன்றை வாடகைக்கு எடுத்து வாழ்கிறது ஒரு குடும்பம். முல்லைத்தீவைச் சேர்ந்த அந்தச் சகோதரி சாரிச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிள்ளைகள் இருவரையும் ஆளாக்கியவர். கணவரின் தாயாரும் அவருடன்தான் இருக்கிறார். கணவர் பற்றி 2009 ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் எந்தத் தகவலும் இல்லை.

கனடாவில் இருக்கும் அவரது தம்பி ஒரு யோசனை சொன்னார். 1990 இல் படகேறிப் போய் இன்றும் தமிழ்நாட்டு முகாமொன்றில் இருக்கும் மூத்த அக்காவைப் பார்க்க எல்லோரும் குடும்பமாகக் கப்பலில் போகலாம், செலவைத் தான் தருகிறேன் என்றார். நால்வரில் ஒருவருக்கும் கடவுச்சீட்டு இல்லை. "எடுக்கிறதோ விடுகிறதோ எண்டு தெரியேல்லை, தங்கச்சி. ஒருக்கா வந்து கதையுங்கோ" என்று அந்தச் சகோதரி அழைத்ததால் சென்றிருந்தேன்.

முதலில் அவர் கேட்டது, கடவுச்சீட்டு இல்லாமல் போக முடியாதா என்பதே. அமெரிக்காவில் சில உல்லாசக் கப்பல்களுக்கு அது தேவையில்லை என்று தம்பி சொல்லியிருந்தாராம். அது உண்மைதான். அமெரிக்கப் பிரசைகள் தங்கள் நாட்டுத் துறைமுகத்தில் ஏறி, அதே துறைமுகத்துக்குத் திரும்பும் சில பயணங்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும். ஆனால் இடையில் நோய்வாய்ப்பட்டு வேறொரு நாட்டில் இறங்கி விமானத்தில் திரும்ப நேர்ந்தால் அவர்களும் திண்டாட வேண்டியதுதான். நமக்கு அந்த வசதி இல்லை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் 'செரியபாணி' என்ற கப்பலுடன் சேவை தொடங்கியது. மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் ஆரம்பமானது. சுமார் 4 மணி நேரப் பயணமேயானாலும் அது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டும் இந்திய விசாவும் வேண்டும்.

மாமியாருக்கு இது வியப்பான செய்தி அல்ல. "நான் கலியாணம் முடிச்ச புதுசிலை தலைமன்னாரிலை கப்பலேறி இராமேஸ்வரம் போனனான், பிள்ளை. அவருக்கும் எனக்கும் பாஸ்போட் எடுத்துத்தான் போனது" என்றார். 1914 இல் தொடங்கிய அந்தக் கப்பல் வழி முன்னர் தனுஷ்கோடிக்குப் போனது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேஸ்வரத்துக்குப் போனது. எண்பதுகளில் போர் அதனையும் நிறுத்திவிட்டது.

பேத்திக்குப் போக ஆசை. மாமியாருக்கும் ஆசை. மறுத்தவர் அந்தச் சகோதரி மட்டுமே. காசைக் காரணம் காட்டினார். பின்னர் மகனைக் காரணம் காட்டினார். "பாஸ்போட் கையிலை வந்தால் அவன் இஞ்சை நிக்கமாட்டான். ஏஜென்சிக்காரன் பின்னாலை திரிவான்" என்றார். இந்தப் பயத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. 2022 நவம்பரில் 'லேடி ஆர்3' என்ற கப்பலில் 300 இற்கு மேற்பட்ட நம்மவர்கள் நடுக்கடலில் தத்தளித்து, ஜப்பானியக் கப்பலொன்றால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் மகன் அங்கேயே இருந்தான். அவன் சொன்னது இதுதான்: "அம்மா, நான் போக நினைச்சால் எனக்கு வயது வந்திட்டுது, நானே போய் எடுப்பன். உங்களோடை சேர்ந்து எடுக்கிறதிலை என்ன பயம்?" அதற்குத் தாயிடம் பதில் இல்லை.

நெடுநேரம் கழித்து, தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போன இடத்தில் என்னிடம் தனியாகச் சொன்னார். 2009 இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் 'கிரீன் ஓசன்' கப்பலில் ஏற்றிச் சென்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலில் காயப்பட்ட சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு அவர் அதில் ஏறினார். மகனும் மாமியாரும் கணவருடன் கரையில் நின்றார்கள். மகனும் மாமியாரும் பிறகு மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். கணவர் வரவில்லை. "அண்டைக்கு நான் கப்பலிலை, அவர் கரையிலை. திரும்பவும் கப்பலேறினால் அவரை விட்டிட்டுப் போற மாதிரி இருக்கும், தங்கச்சி."

சகோதரிகளே, சமூகவியல் படித்தவள் என்பதால் இதற்கு என்னிடம் விடை இருக்கும் என்று எண்ண வேண்டாம். நான் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பின்னர், "அக்கா, இதை அவையளுக்கும் சொல்லுங்கோ. காசு எண்டு சொன்னால் அவையள் காசைப் பற்றித்தானே கதைப்பினம்" என்றேன். அவர் சொன்னார். மாமியார் அவரது கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்தானே உன்னை ஏத்திவிட்டவன். பிள்ளை பிழைக்கவேணும் எண்டுதானே ஏத்தினவன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சகோதரியை இன்னுமொரு விடயமும் தடுத்திருந்தது. படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர், கணவரின் மரணச் சான்றிதழ் இல்லாமல் கடவுச்சீட்டு எடுக்க முடியாது என்று கூறியிருந்தார். இது பிழை. வயது வந்த பெண் தன் கடவுச்சீட்டைத் தானே எடுக்கலாம். கணவரின் அனுமதியோ மரணச் சான்றிதழோ தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கென 2013 இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையையும் பலர் இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்டது, கடவுச்சீட்டுக்கான விதியல்ல.

கணவர் இறந்துவிட்டார் என்று எழுத மனம் ஒப்பாத சகோதரிகளுக்கு 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வேறொரு வழியைத் தந்தது. காணாமற்போனவர் என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழைப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களம் வழங்கும். காணி, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பாதுகாவல் போன்ற தேவைகளுக்கு அது உதவும். அதைப் பெறுவதால் அவரைத் தேடுவதைக் கைவிட்டதாக ஆகாது. பெறுவதும் பெறாமல் விடுவதும் உங்கள் தீர்மானம். எவரும் வற்புறுத்தக் கூடாது.

இனி, எடுக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலில் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, தேசிய அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று இருப்பது நம்மிடையே சாதாரணம். அதைத் திருத்திய பின்னர் விண்ணப்பியுங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவேடே இல்லையென்றால் அனுமான வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எடுப்பதானால் தாய், தந்தை இருவரதும் சம்மதம் கேட்பார்கள். தந்தை இல்லாதபோது என்ன பத்திரம் வேண்டும் என்பதைத் தரகரிடம் கேட்காமல், திணைக்களத்திலேயே கேட்டு எழுதி வாருங்கள்.

அடுத்தது செலவு. 2024 பெப்ரவரியில் சாதாரண சேவைக்கான கட்டணம் 5,000 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. ஒருநாள் சேவைக்கு அதைப்போல் இரு மடங்கு, 20,000 ரூபா. நான்கு பேருக்குக் கணக்குப் பாருங்கள்: ஒருநாள் சேவையில் 80,000, சாதாரண சேவையில் 40,000. அவசரமில்லாத பயணத்துக்கு ஏன் இரட்டிப்புச் செலவு? போகுமுன் அன்றைய கட்டணத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கொழும்பில் உள்ளவர்கள் கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ்ஸில் பத்தரமுல்லை திணைக்களத்துக்குப் போகலாம். வடக்கில் உள்ளவர்களுக்கு வவுனியாவில் அலுவலகம் உண்டு. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் திறக்கப்பட்டது.

கடவுச்சீட்டு கைக்கு வந்த பின்னரே விசா, அதன் பின்னரே கப்பல் சீட்டு. இந்த ஒழுங்கை மாற்றி, முதலில் சீட்டு வாங்கி ஏமாந்தவர்களை நான் அறிவேன். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கடவுச்சீட்டை எவரிடமும், ஏஜென்சியிடமும், வேலை கொடுப்பவரிடமும், ஏன், கணவரிடமும்கூடக் கொடுத்து வைக்காதீர்கள். அதில் இருப்பது உங்கள் பெயர்.

அந்தக் குடும்பம் என்ன முடிவெடுத்தது என்று கேட்பீர்கள். நால்வரும் சாதாரண சேவையில் விண்ணப்பிப்பதென்று தீர்மானித்தார்கள். தம்பி அனுப்பும் பணத்தில் அல்ல, சீட்டுக் கட்டிச் சேர்த்த தன் காசில் தனக்கும் மாமிக்கும் எடுக்கப்போவதாக அந்தச் சகோதரி சொன்னார். பயணத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. "புத்தகம் பத்து வருஷத்துக்கு இருக்குந்தானே. போறதைப் பற்றி நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

நான் இறங்கி வரும்போது மகள் வாசல்வரை வந்தாள். தாயின் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கக் கடைக்குப் போகிறாளாம். இருவரும் காலி வீதிவரை சேர்ந்து நடந்தோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.