கலவனும் காவலனே!

ஒரே வாய்க்காலின் நீரைப் பருகி, ஒரே மண்ணில் வேரூன்றிய நெற்பயிர்களும் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒன்று நெடிது வளரும். ஒன்று முந்திக் கதிர்விடும். ஒன்று நோயைத் தாங்கி நிற்கும். ஒரே நீர் பாய்ந்தும் விளைவு வேறுபடும் விந்தையைச் சிந்திக்குமாறு திருமறையும் நம்மை அழைக்கின்றது.

வயலில் மாறுபட்டு நிற்கும் பயிரைக் ‘கலவன்’ என்பர். விதைத் தூய்மைக்காக அதனை நீக்குதல் முறையே. ஆயினும், வீசியெறியுமுன் உற்று நோக்குதல் வேண்டும். 1921-இல் கோவையில் வெளியிடப்பெற்ற ஜி.இ.பி. 24 என்னும் சன்ன நெல், ‘கோனாமணி’ நெல்லில் தானே தோன்றிய மாற்றத்தால் கிடைத்ததேயாம். அதனை ஜப்பானிய நெல்லொடு இணைத்துப் பெற்றதே, 1960-களில் தஞ்சைக் குறுவை வயல்களில் பரவிய ஆடுதுறை 27. இன்று நாம் விரும்பியுண்ணும் பி.பி.டி. 5204-இன் முன்னோரிலும் அந்நெல் உண்டு.

எங்கும் ஒரே விதையாயின், ஒரு பயிரை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். வேற்றுமையே வயலின் வேலி. திருத்துறைப்பூண்டிப் பகுதியில் உழைத்து, 2018-இல் மறைந்த ‘நெல்’ ஜெயராமன் 174 மரபு நெல்வகைகளைத் திரட்டிக் காத்ததன் பெருமை இதுவன்றோ? குளிரறையில் உறங்கும் விதை அழியாதிருக்கும். ஆயின், மாறும் மழைக்கும் புதிய நோய்க்கும் ஈடுகொடுக்கப் பழகாது. அது வயலில் விளைந்தே பழகுதல் வேண்டும்.

ஆதலின், நிலமுடைய பெரியோர் வயலின் ஒரு மூலையையேனும் மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு நெல்லுக்கு ஒதுக்குவாராக. மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர் முதியோர் அறிந்த நெற்பெயர்களையும் அவற்றின் இயல்புகளையும் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மறந்த நெல்லைத் தேடுவார் எவர்?